நஜ்லாவின் நுணுக்குக்காட்டியில் என் புளிமாச் சாடி

ஜெமீல் மேசனுக்கு நான் நாற்பதாயிரம் ரூபா கடன்பட்டிருந்தேன். 2004 மார்கழியில், கடலோரம் இருந்த என் பேக்கரிக்குப் புதுப் போறணை கட்டித் தந்த கூலி அது. பாண் சுடுகிற செங்கல் அடுப்பைத்தான் நாங்கள் போறணை என்கிறோம். அதை வளைத்து மூடிக் கட்ட இந்தக் கரையில் ஜெமீலை விட்டால் வேறு கை இருக்கவில்லை.

நஜ்லா அந்த ஜெமீலின் மகள். ஈஸ்ட் எப்படிப் பிரிந்து பெருகுகிறது என்று ஆராய்ந்து வெளிநாடு வரைக்கும் பேர் எடுத்திருக்கிறாள். வாசிகசாலைக்காரர்கள் அவளுக்கு ஒரு பாராட்டு மலர் போடுகிறார்கள். அவளைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர் நீங்கள்தான், எழுதித் தாங்க என்று என்னிடம் வந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்காகப் பின்வாங்குகிற ஆள் இல்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் பதியுதீன் பேக்கரிப் பாணைத் தின்னாத வாய் கிடையாது. அவளுடைய ஆராய்ச்சியில் வருகிற ஈஸ்ட்டும் என் சாடியில் பிறந்ததுதான். போன மாதம் வந்த அவளுடைய கட்டுரையில் என் பேரைப் போடாமல் ‘கரையோர பேக்கரி ஒன்று’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்கு நான் அவளிடம் நியாயம் கேட்டுவிட்டேன். அது வேறு கதை.

இதை எழுதுவதற்கு முன் அவளுடைய உம்மா ஸம்ஸியாவிடமும் கேட்டேன். "உள்ளத எழுதுங்க" என்றாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் மற்ற ஊர்களில் கள்ளு ஊற்றித்தான் மாவைப் புளிக்க வைப்பார்கள். நமக்கு அது ஹறாம். கடையில் விற்கிற ஈஸ்ட் வாங்கக் கையில் காசில்லை. பழுத்த விளாம்பழத்தைச் சீனியோடு கரைத்து, மாவில் விட்டு, மண் சாடியில் மூடி வைத்தேன். நாலாம் நாள் மூடி தானாக மேலே எழும்பியது. எழுபத்தொன்பதாம் ஆண்டிலிருந்து அந்தச் சாடியில் கொஞ்சம் எடுப்பதும் கொஞ்சம் மா சேர்ப்பதுமாக வளர்த்து வந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. என் மூளை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கூலி கேட்டு ஜெமீல் மூன்று தரம் வந்து போயிருந்தார். "ஞாயிறு காலையில வா, தாறன்" என்று சொல்லி அனுப்பினேன். அன்று காலை நான் மா மூட்டை வாங்க அக்கரைப்பற்றுக்குப் போனேன். பாண் போடுகிற ஆட்கள் விடியச் சுட்ட பாணை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எட்டு நாற்பது இருக்கும், மாக் கடை மேசையில் இருந்த போன் அடித்தது. எனக்குத்தான். ஜெமீல் பேசினார்; என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பார்.

"காக்கா, நான் வந்திட்டன். உங்கட பேக்கரி போன்லதான் கதைக்கிறன்."

"இரு, வாறன்."

"கெதியா வாங்க. ஸம்ஸியாக்கிட்ட அம்பாறைக்கு வேலைக்குப் போறன் எண்டு சொல்லிட்டு வந்த நான். இனி உங்கட வாசல்ல காசுக்கு நிக்கப்படாதெண்டு சத்தியம் வாங்கி வெச்சிருக்கா."

"அப்ப பொண்டாட்டிக்குப் பயந்து ஒளிச்சு வந்திரிக்காய். நல்லா இரு. போறணையில சூடு எப்படி நிக்குதெண்டு பாத்துக்கிட்டு இரு."

அவர் சிரித்தார். "நான் கட்டின போறணை, காக்கா. பாக்கத் தேவல்ல."

காசு என் இடுப்புப் பட்டிக்குள் இருந்தது. மா விலை பேசி முடிந்துவிட்டது. எழும்பிப் போயிருக்கலாம். நான் இன்னொரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னேன். கூலிக்காரனைக் கொஞ்சம் காக்க வைத்தால்தான் முதலாளிக்கு மரியாதை என்று நினைத்த காலம் அது. அந்தத் தேத்தண்ணி பாதி இருக்கும்போது கடல் ஊருக்குள் வந்திட்டு என்று கத்திக்கொண்டு கடல் பக்கமிருந்து சனம் ஓடி வந்தது.

மூன்றாம் நாள்தான் பேக்கரி இருந்த இடத்துக்குப் போக முடிந்தது. நல்ல வெயில். காகம் கூடக் கத்தவில்லை. கடல் பாய் விரித்தது போல் கிடந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, மாப் பிசைகிற மேசை இல்லை. போறணை மட்டும் நின்றது. ஒரு கல் கூடக் கழலவில்லை. அதன் வாய்க்குள் குனிந்து கையை விட்டேன். சேறு. சேற்றுக்குள் சாடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

அந்தச் சாடி எப்போதும் இருப்பது மாப் பிசைகிற அறைத் தட்டில். போறணைக்குள் அதை வைத்தது நான் இல்லை. மூடியைச் சுற்றி மேசன் நூல் கட்டியிருந்தது. சுவர் நேராக இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்கிற சிவப்பு நூல். மூன்று சுற்று, ஒரு முடிச்சு.

நூலை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். கடல் நாற்றம். மாவின் மேல் உப்புத் தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. செத்துவிட்டது என்று கவிழ்க்கப் போனேன். அடியிலிருந்து ஒரு குமிழ் எழும்பி வந்து வெடித்தது. பக்கத்தில் யாரோ நின்று மூச்சு விட்டது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே ஸம்ஸியாவின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் பக்கம் தண்ணீர் வரவில்லை. அவள் வாசலில் நின்றாள். எட்டு வயது நஜ்லா அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸம்ஸியா என்னைக் கண்டதும் சிரித்தாள். அந்த நாட்களில் ஊரில் வேறு யாரும் சிரித்து நான் காணவில்லை.

"இவர் அம்பாறைக்குப் போன, காக்கா. அங்க எங்க கடல் வாற. பாதை உடைஞ்சு அங்கயே நிக்கிறாராக்கும். அல்லாஹ் காப்பாத்திட்டான்."

நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். காசை எடுத்து நீட்டினேன்.

"அவர்ர காச நான் என்னத்துக்கு வாங்க. அவர் வந்து வாங்குவார்."

அந்த ‘நாளைக்கு’ வரவில்லை. இருபது வருசம் வரவில்லை. ஒவ்வொரு வருசமும் காசைக் கொண்டு போவேன். ஒவ்வொரு வருசமும் அதே பதில். அந்தக் காசை வாங்கினால் ஜெமீல் மௌத்தாகிவிட்டார் என்று அவள் ஒப்புக்கொண்டதாகிவிடும். அடக்கம் செய்ய முன் நடக்கிற மையத்துத் தொழுகையில், இவரோடு கொடுக்கல் வாங்கல் இருந்தால் சொல்லுங்க என்று ஒருவர் எழுந்து கேட்பார். ஜெமீலுக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அம்பாறைக்குப் போனவரை யார் கடலில் தேடுவது. வேறு கலியாணம் முடித்து மலைநாட்டில் இருக்கிறார் என்று சில வாய்கள் கதைத்தன. அதையும் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சாடியைப் பற்றி ஒரு பொய்யும் சொன்னேன். கடலில் மிதந்து வந்து பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருந்தது, எனக்கென்று அல்லாஹ் அனுப்பினான் என்று. சனம் நம்பியது. பாண் இரண்டு மடங்கு விற்றது.

நஜ்லா தினமும் பின்னேரம் புதுப் பேக்கரிக்குப் பாண் வாங்க வருவாள். அவளிடம் காசு வாங்க மாட்டேன். பத்து வயது இருக்கும்போது ஒரு நாள் சாடிக்குப் பக்கத்தில் வெகு நேரம் நின்றாள். மூடி கொஞ்சம் எழும்பி, காற்றை விட்டு, திரும்ப இறங்கியது.

"மாமா, இது ஏன் அசையுது?"

"அது மூச்சு விடுது, புள்ள."

"ஆர்ர மூச்சு?"

அன்றைக்குப் பாணை அவள் கையில் திணித்து, இருட்டுது, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டேன். அவள் அந்தக் கேள்வியைக் கடைசி வரைக்கும் விடவில்லை. உயர்தரத்தில் உயிரியல் எடுத்தாள். கெம்பஸ் போனாள். பாடப் புத்தகத்தில் ஈஸ்ட்டுக்கு ‘மதுவம்’ என்று பேர். அவள் மதுவத்தில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டதும், ஜெமீல்ட மகள் சாராயம் காய்ச்சப் படிக்கிறாளாம் என்று தெருவில் பெண்டுகள் குசுகுசுத்தார்கள். நான் தெருவில் இறங்கி நின்று, நீங்க தின்னுற பாண்ல இரிக்கிறதும் அதுதான், நாளையிலிருந்து வாங்க வேணாம் என்று சொன்னேன். அதோடு அந்தக் கதை நின்றது. பிறகு நோர்வேக்குப் போய் ஐந்து வருசம் படித்தாள். போகும்போது என் சாடியிலிருந்து கொஞ்சம் புளிமாவைச் சின்னக் குழாய்களில் அடைத்துக் கொண்டு போனாள். அங்கே ஆயிரம் வகை ஈஸ்ட் இருந்தும் அவள் தேடியது இதைத்தான்.

கொரோனாவில் ஊர் பூட்டிக் கிடந்த காலத்தில், லீவில் வந்தவள் இங்கேயே அகப்பட்டாள். ஈஸ்ட் வளர்த்த கண்ணாடித் தட்டுகளை வீட்டுக் குளிர்ப் பெட்டியில் வைத்தாள். ஸம்ஸியா அதைக் கண்டாள். மகளின் படிப்புப் பறக்கத்தாக, அருள் பெற்றதாக இருக்கட்டும் என்று, ஒவ்வொரு தட்டாகத் திறந்து ஓதி ஊதி மூடி வைத்தாள். ஒரு கிழமையில் அத்தனையிலும் பச்சைப் பூஞ்சணம். முப்பத்தாறு தட்டு. ஆறு மாத வேலை.

நஜ்லா கோபப்படவில்லையாம். "எல்லாத்துக்கும் என்னெண்டு ஓதின உம்மா?" என்று மட்டும் கேட்டாளாம்.

"வாப்பா வரோணுமெண்டு" என்றாளாம் ஸம்ஸியா.

இந்த வருசம் ஹஜ்ஜுக்குப் போக எனக்குப் பேர் வந்தது. வயது எழுபத்து நாலு. நெஞ்சில் இரண்டு கம்பிச் சுருள் வைத்திருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவன் புறப்பட முன் கடனைக் கழிக்க வேண்டும். வீடு வீடாகப் போய், உங்களுக்குக் குற்றம் செய்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பொருத்தம் கேட்க வேண்டும். அறுபத்து மூன்று வீடு போனேன். எல்லோரும் பொருத்தம் தந்தார்கள். ஸம்ஸியாவின் வீடு மட்டும் மிச்சம்.

அந்தக் கிழமைதான் நஜ்லா என்னைத் தன்னுடைய கெம்பஸுக்குக் கூட்டிப் போனாள். நல்ல மத்தியானம். வெளியே தார் உருகியது. அவளுடைய அறைக்குள் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. குளிர். நுணுக்குக்காட்டி பார்ப்பதெல்லாம் ஒரு திரையில் தெரிந்தது.

"இந்த உசிர்ப் பொட்டுத்தான் தாய்க் கலம், மாமா. பக்கத்துல மொட்டு மாதிரி வாறது மகட்கலம். பிரிச்சு விட்ட இடத்துல தாய்க்கு ஒரு தழும்பு விழும். இருபது இருபத்தஞ்சு தரம் பிரிஞ்சா தாய்க்கு ஹயாத்து முடிஞ்சிரும். மகளுக்கு வயசு திரும்பப் பூச்சியத்துல இருந்து."

"இதெல்லாம் என்ட சாடியில நடக்குது."

"ஓம், உங்கட சாடியிலதான்" என்று சிரித்தாள். "இப்ப உப்புத் தண்ணி விடுறன், பாருங்க."

திரையில் கொதித்துக்கொண்டிருந்தது போல் இருந்த அத்தனையும் ஒரே தரத்தில் நின்றது. யாரோ சத்தம் போட்டு அடக்கியது போல. அவள் படத்தை வேகமாக ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் அங்கொன்று இங்கொன்றாகத் திரும்ப மொட்டு விடத் தொடங்கியது. திரை நிரம்பியது. நடுவில் ஒன்று மட்டும் அசையவில்லை. ஒரு தாய். அதில் பாதி வளர்ந்த மகள் ஒட்டிக்கொண்டு நின்றது.

"செத்திட்டா?"

"சாகல்ல. சாயம் விட்டுப் பாத்தன், உசிரோடதான் இரிக்கி. மத்த ஈஸ்ட் எல்லாம் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள தொடங்கிரும். உங்கட ஈஸ்ட்ல மட்டும் ஆயிரத்துல ஏழெட்டு இப்படி. இருபத்தொரு நாள் வரைக்கும் வெச்சுப் பாத்திட்டன். இப்படியே இரிக்கி. வயசும் போகல்ல."

"என்னத்துக்குக் காத்து நிக்குது?"

"உப்புப் பட்டதும் கலத்துக்குள்ள ‘நில்’ எண்டு ஒரு சேதி போகும். மறுகா ‘தொடங்கு’ எண்டு இன்னொரு சேதி வரோணும். அது இதுக்கு வந்து சேரல்ல. எங்க தடைப்பட்டு நிக்குதெண்டுதான் எட்டு வருசமாத் தேடுறன்."

சுற்றிவர மற்றதெல்லாம் பெருகிக்கொண்டே போனது. அந்தத் தாயும் மகளும் அப்படியே நின்றார்கள். அதற்குக் கண் இல்லை, முகம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அது என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. நான் திரையை விட்டு முகத்தைத் திருப்பினேன்.

நஜ்லா குறிப்பெழுதுகிற கொப்பியை எடுத்தாள். "மாமா, கட்டுரையப் பரிசோதிக்கிறவங்க கேள்வி அனுப்பியிரிக்காங்க. சாடி எங்க கிடந்த, எத்தின நாள், மூடி எப்படி இருந்த எண்டு. மிதந்து வந்திருந்தா மூடி கழண்டு மா கரைஞ்சு போயிருக்கும் எண்டுறாங்க. ஒரு சின்ன மண் சாடியில நானும் மிதக்க விட்டுப் பாத்தன். அஞ்சு நிமிசம் கூட நிக்கல்ல."

"இது சரியா இல்லாட்டி என்ன?"

"இந்த ஈஸ்ட் எங்க இருந்து வந்ததெண்டே நம்ப மாட்டாங்க. எட்டு வருசமும் வீண்."

நான் ஒரு வாழ்நாளில் நாலு கடை, இரண்டு லொறி, ஒரு அரிசி ஆலை உண்டாக்கியவன். அந்தக் குளிர் அறையில் எனக்கு வியர்த்தது.

"வாகனத்த எடு, புள்ள. உன்ட உம்மாட்டப் போவம். அங்க வெச்சுத்தான் சொல்லோணும்."

போகிற வழியில் என் வீட்டில் இறங்கி, அலுமாரிக்குள் இருந்த பிஸ்கட் தகரப் பேணியை எடுத்துக்கொண்டேன்.

ஸம்ஸியாவின் வீட்டுக் கதவு எப்போதும் போல் பாதி திறந்திருந்தது. அந்தக் கதவை அவள் பூட்டுவதில்லை. படியில் ஆண் செருப்பு ஒரு சோடி, புதுசு, உள்ளே வருகிற பக்கம் பார்த்து வைத்திருந்தது. வருசத்துக்கு ஒரு சோடி வாங்கி வைப்பாள். நான் மிதிக்கப் போனேன்.

"பாத்து, காக்கா. அது அவர்ர" என்றாள் உள்ளிருந்து.

கதிரையில் மடிப்புக் கலையாமல் ஆண் உடுக்கிற சாரன். மேசையில் மூன்று கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. இரண்டு பேர் இருக்கிற வீடு அது. இன்னொரு ஆள் உள் அறையில் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கிற மாதிரி அங்கே எல்லாம் ஒரு பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தது. ஸம்ஸியாவுக்கு ஐம்பத்தைந்து வயது. அவளோடு ஒத்தவர்களெல்லாம் நரைத்துக் கூனிவிட்டார்கள். இவளுடைய தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. முகமும் அன்று வாசலில் கண்ட அதே முகம். முன்பெல்லாம் நான் அதைப் பெருமையாகச் சொல்வேன். அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஹஜ்ஜுக்குப் போறீங்களாமே. பொருத்தம் கேக்கவா வந்த? நான் எப்பவோ தந்திட்டன்."

"தராத, ஸம்ஸியா. முதல்ல இதப் பாரு."

பேணியைத் திறந்து சிவப்பு நூலை மேசையில் வைத்தேன். முடிச்சை நான் அவிழ்த்துவிட்டிருந்தாலும், இருபது வருசமாக அந்த நூல் மடிந்த இடத்தில் மடிந்தபடியே கிடந்தது. அவள் அதை எடுத்தாள். விரலில் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் அந்த முடிச்சு தானாக விழுந்தது.

"இது அவர்ர முடிச்சு" என்றாள்.

நான் சொன்னேன். போன் வந்ததை, அவர் சொன்னதை, நான் சொன்னதை, சாடி போறணைக்குள் இருந்ததை. ஒன்றையும் விடவில்லை. காற்றில் கதவு கொஞ்சம் அசைந்தது. ஸம்ஸியா வழக்கம் போல் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"எத்தின மணி?"

"எட்டு நாப்பது."

"சிரிச்சாரா?"

"ஓம். சிரிச்ச."

"நான் சத்தியம் வாங்கினதச் சொன்னாரா?"

"சொன்ன."

"அதுக்குப் பொறகு நீங்க என்ன செஞ்ச, காக்கா?"

"தேத்தண்ணி குடிச்ச."

அவள் நூலை விரலில் இன்னும் இறுக்கினாள். நஜ்லாதான் கேட்டாள். அவளுடைய குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது.

"மூணு நாளும் மூடி கட்டியே இருந்ததா, மாமா?"

"கட்டித்தான் இருந்த."

"தண்ணி எவ்வளவு நிண்ட?"

"ஒரு விரல்."

அவள் அதைக் கொப்பியில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, பேனாவை மூடாமல், அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாப்பா கட்டின" என்றாள். "எட்டு வருசமா நான் வாப்பா கட்டி வெச்சதப் பாத்துக்கிட்டு இருந்திரிக்கன்." பிறகு என்னைப் பார்த்தாள். "இருபது வருசம், மாமா."

நான் ஸம்ஸியாவிடம் பொருத்தம் கேட்டேன்.

"அத இப்ப கேக்காதீங்க" என்றாள். "போயிட்டு வாங்க. ஹயாத்தோட வந்தாக் கேளுங்க."

அவள் எழும்பினாள். வாசலுக்குப் போய் செருப்புச் சோடியை எடுத்து உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் அடித்துத்தான் தள்ளினாள். அந்த வீட்டில் கதவு மூடுகிற சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். உள் அறைப் பக்கம் அதுவரைக்கும் இருந்த ஏதோ ஒன்று அதோடு இல்லாமல் போனது.

"காசு கொண்டந்தீங்களா?"

பேணியில் இரண்டு கட்டு இருந்தது. ஒன்று இன்றைய விலைக்கு நான் கணக்குப் பார்த்து எடுத்த நாலு லட்சம். அதை முதலில் நீட்டினேன்.

"அவர் பேசின கூலி நாப்பதாயிரம்" என்றாள். "அதுக்கு மேல ஒரு சதம் வேணாம்."

மற்றக் கட்டை எடுத்தேன். அன்றைக்கு என் இடுப்புப் பட்டியில் இருந்த அதே ஆயிரம் ரூபாத் தாள்கள். மேசையில் வைக்கப் போனேன்.

"மேசையில வெக்காதீங்க. கூலி கையிலதான் குடுக்கிற."

வலது கையை விரித்து நீட்டினாள். சிவப்பு நூல் இன்னும் விரலில் சுற்றியிருந்தது. என் கண் மங்கல், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எச்சில் தொட்டுப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தேன். அவளும் என்னோடு சேர்ந்து வாய்க்குள் எண்ணினாள். பத்தொன்பதில் எனக்குக் கணக்குத் தவறியது. அவள் கையை அசைக்காமல், "பத்தொம்பது" என்று எடுத்துக் கொடுத்தாள். இருபது, இருபத்தொன்று என்று போய், முப்பத்தொன்பதை வைத்தேன். நாற்பதாவது தாளையும் அந்தக் கையில் வைத்தேன்.